நாற்பத்திரண்டாவது பிள்ளை

கீழத்தேரி நகராட்சிக்குச் சொந்தமான முப்பத்தெட்டு சென்ட் நிலம் ஒன்று ஓரிடத்தில் நிற்பதில்லை. திங்கட்கிழமை ரயில்வே கேட்டுக்குப் பின்னால் இருக்கும். செவ்வாய்க்கிழமை மீன் மார்க்கெட்டுக்கும் ஐஸ் பேக்டரிக்கும் நடுவில் இருக்கும். அது நுழையும் தெருவில் வீடுகள் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். பெண்கள் கொடியில் காயும் துணிகளை உருவிக்கொண்டு உள்ளே போவார்கள். நிலம் போனதும் திரும்பக் கொண்டுவந்து காயப்போடுவார்கள். தபால்காரருக்கு அன்று கால்மணி நேரம் பிந்தும். மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லை. செம்மண்ணும் ஒரு உடைமரமும் கைப்பிடி இல்லாத ஒரு அடிபம்பும்தான் அதன்மேல் உண்டு. எங்கே போனாலும் அவற்றையும் கூட்டிக்கொண்டே போகும்.

தினமும் காலை ஆறு மணிக்கு அது எங்கே நிற்கிறது என்று தேடிப் பிடிப்பது பணி மேற்பார்வையாளர் ஞானசிகாமணியின் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறார். நிலத்தைக் கண்டதும் ஸ்கூட்டரை நிறுத்தி, உடைமரத்தை ஒருமுறை கையால் தொட வேண்டும். பிறகு பச்சை அட்டை போட்ட நில இருப்புப் பதிவேட்டில் இடத்தைக் குறித்து, ‘கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலக நடைமுறை அது. மரத்தைத் தொடாமல் எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றைக்கு நிலம் எங்கே போகிறது என்பதற்கு நகராட்சியில் ஆவணம் இல்லை.

சிகாமணியும் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. சாப்பாட்டைக்கூட நடந்துகொண்டே சாப்பிடுவார். பல்லுக்கிடையில் ஒரு தீக்குச்சி எப்போதும் இருக்கும். நாளுக்கு அரைப் பெட்டி தீரும். அவரைத் திருமணம் செய்து பதினாறு வருடத்தில் அவர் மடி எப்படி இருக்கும் என்றே தெரியாது என்பாள் ரஞ்சிதம்.

எல்லாக் குழந்தைகளும் விளையாடும்படி ஒரு பூங்கா அமைக்க நகர்மன்றம் தீர்மானம் போட்டபோது, நகராட்சியிடம் மூன்று நிலங்கள் இருந்தன. முதலாவதில் ஒரு சிலை இருந்தது. பக்கத்தில் இன்னொரு சிலை சாக்கு போர்த்திக்கொண்டு திறப்பு விழாவுக்காகக் காத்திருந்தது. இரண்டாவது, தாலுகா அலுவலகத்தை ஒட்டிய பதினைந்து சென்ட். முப்பத்தோரு வருடமாக வழக்கில் இருக்கிறது. ஆரம்பத்தில் வாய்தாவுக்கெல்லாம் தவறாமல் போய்வந்துகொண்டிருந்த நிலம்தான். பிறகு அலுத்துப்போய் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது இந்த முப்பத்தெட்டு சென்ட். ஊரில் ஆக்கிரமிப்பே இல்லாத ஒரே நிலம் இதுதான். ஆக்கிரமிக்க வேண்டுமென்றால் நிலம் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும்.

நகராட்சிப் பொறியாளர் மெஹருன்னிசா வரைபடத்தைக் கையில் எடுக்கவில்லை.

“படம் அப்புறம் வரையலாம். முதல்ல பிள்ளைங்க பட்டியல் வேணும்,” என்றார் சிகாமணியிடம். “வீடு வீடாப் போங்க. எந்தப் பிள்ளைக்கு என்ன முடியும், என்ன முடியாது, என்ன வேணும், எல்லாம் எழுதுங்க. ஒரு பிள்ளகூட வேலிக்கு வெளிய நிக்கக் கூடாது.”

பட்டியலுக்கு அவரே விதி எழுதினார். பெயர் சேர்க்கலாம், மன்றம் ஏற்ற பிறகு எந்தப் பெயரையும் நீக்க முடியாது. முன்பு இருந்த பட்டியல்களில் எல்லாம் சிரமமான பிள்ளைகளின் பெயர்களைத்தான் முதலில் அடித்தார்கள் என்பதை அவர் பார்த்திருந்தார். பூங்காவுக்கும் ஒன்பது விதிகள் எழுதினார். பன்னிரண்டு வயது முடியாதவர்களுக்கு மட்டும் அனுமதி என்பது முதல் விதி. அது மாநிலத்துக்கே பொதுவானது, அவரால் மாற்ற முடியவில்லை. நான்காவது விதி அவருடைய சொந்த விதி: ஓர் ஆட்டம் தொடங்கிவிட்டால், அது முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பக் கூடாது. மெதுவாக ஆடும் பிள்ளையின் முறை வரும்போதுதான் காவலாளிகள் விசில் ஊதுகிறார்கள் என்று அவர் காரணம் குறித்திருந்தார்.

சிகாமணி நாற்பது வீடு ஏறி இறங்கினார். கண் தெரியாத மைக்கேல் ஊஞ்சலில் மணி கட்டச் சொன்னான். அது திரும்பி வரும் சத்தம் கேட்டு அவன் விலகிக்கொள்ள வேண்டும். சத்தம் தாங்காத தேன்மொழி, உள்ளேயிருந்து தாழ் போடக்கூடிய ஒரு குடில் கேட்டாள். கைகளால் பேசும் இரட்டையர்கள் சேர்ந்தே சறுக்கும் அகலத்தில் சறுக்குமரம் கேட்டார்கள். ஒருவன் முதலில் இறங்கிவிட்டால் மற்றவனிடம் எப்படி இருந்தது என்று சொல்லக் கை எட்டாது. ஆரோக்கியம் என்ற பையன் ஒன்றும் சொல்லவில்லை. சிகாமணி அவனுக்கு நேராக ‘பேச்சு: இல்லை’ என்று எழுதிவிட்டு வாசல் இறங்கினார்.

கடைசி வீடு அவருடையது.

அவர் மகள் பியூலா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தாள்.

“பேரு?”

“பேரு தெரியாமத்தான் பதினோரு வருசமா கூப்புடுதீங்களா?”

“ஏட்டி, முறப்படி கேக்கணும். விருப்பம் என்ன?”

“சுத்தணும்,” என்றாள். “தரையோட தரையா ராட்டினம் வைக்கணும். நாற்காலியோட நான் ஏறணும். தலை கிறுகிறுன்னு சுத்தணும். வாந்தி வந்தா வரட்டும்.”

“வாந்தின்னு எழுத முடியாது.”

“அப்ப கிறுகிறுப்புன்னு எழுதுங்க.”

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் வந்ததும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி அவள் நாற்காலியைச் சுற்றி விடுவார்கள். அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழு வருடமாக அதுதான் அவளுடைய ஆட்டம். எந்தச் செருப்பு யாருடையது, எதற்கு வார் அறுந்திருக்கிறது, யார் அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

“ஜூன் ஒம்பது எனக்குப் பன்னெண்டு முடியுது,” என்றாள். “அதுக்குள்ள ஆயிருமா?”

“ஆயிரும்.”

“தீக்குச்சியக் கடிக்காம சொல்லுங்க.”

சிகாமணி தீக்குச்சியை எடுத்துவிட்டு, “ஆயிரும்,” என்றார். பிறகு மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார்.

தவறு அதற்கு மறுநாள் நடந்தது. ஸ்கூட்டர் பெட்டியில் இரண்டு பதிவேடுகள் இருந்தன. இரண்டுக்கும் பச்சை அட்டை. அன்று நிலம் நிற்காமல் சந்தைத் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சிகாமணி பக்கத்திலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு, எட்டி மரத்தைத் தொட்டு, ஒரு கையால் எழுதினார். எழுதியது பிள்ளைகள் பதிவேட்டில். நாற்பத்திரண்டாம் வரிசையில், பெயர்: புல எண் 214/3. வயது: தெரியவில்லை. நடை: உண்டு, நிற்பதில்லை. பேச்சு: இல்லை. மன்றம் நாற்பத்திரண்டு பெயர்களையும் ஒருமனதாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

ஒப்பந்தக்காரர் அருணகிரி நிலத்தைச் சங்கிலி போட்டுக் கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். சிமெண்ட் இறுக இருபத்தொரு நாள் வேண்டும். அதுவரை நிலம் நின்றாக வேண்டும். போன வருடமும் ஒருமுறை முளையடித்துப் பார்த்தார். நிலம் எட்டு முளைகளையும் பிடுங்கி, நகராட்சி வாசலில் உயர வரிசையில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிற்று. இந்த முறை கப்பல் சங்கிலி வரவழைத்திருந்தார். அப்போதுதான் மெஹருன்னிசா பட்டியலைப் படித்துவிட்டு அவரையும் சிகாமணியையும் கூப்பிட்டார்.

“சங்கிலி வேண்டாம் அண்ணாச்சி. பிள்ளையச் சங்கிலில கட்ட முடியாது.”

“எந்தப் பிள்ளைய மேடம்?”

“நாப்பத்திரண்டாவது பிள்ளைய.”

அருணகிரி பட்டியலை வாங்கிப் பார்த்தார். “ஆமா, இருக்கு. என்னவே சிகாமணி, இத மொதல்லயே சொல்லப்பிடாதா? நாலு ஆள வச்சிச் சங்கிலியத் தூக்கிட்டு வந்துட்டேன்.”

“இன்னொன்னும் இருக்கு,” என்றார் மெஹருன்னிசா. “பட்டியல்ல இருக்கிற எல்லாப் பிள்ளையும் விளையாடணும். இந்தப் பிள்ளைக்கு விருப்பம்ங்கிற கட்டத்துல ஒண்ணும் எழுதல. அது என்ன விளையாடும்னு தெரியாம நான் படம் வரைய முடியாது.”

தவறுதலாக எழுதிவிட்டேன் என்று சிகாமணி ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் பதிவேடு முழுவதும் பிழையாகும். முதல் வீட்டிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். நான்கு மாதம். அவர் காலண்டரைப் பார்த்தார். மே பன்னிரண்டு. அலுவலகத்துக்குள் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக ஏழெட்டு நடை நடந்தார். பிறகு, “கேட்டு எழுதிட்டு வாரேன் மேடம்,” என்றார்.

அன்று நிலம் பேருந்து நிலையத்தில் நின்றது. ஆறு பேருந்துகள் ஓரமாக ஒதுங்கி அதற்கு இடம் விட்டிருந்தன. சிகாமணி படிவத்தை நீட்டி, “விருப்பம் என்ன?” என்று நான்கு தடவை கேட்டார். நிலம் மேற்கே இரண்டடி போய்த் திரும்பி வந்தது. திருச்செந்தூர் பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மகளைக் கூட்டிவந்தார்.

செம்மண்ணில் நாற்காலிச் சக்கரம் புதைந்தது. “முதல்ல இதுல பலக போடச் சொல்லுங்க,” என்றாள் பியூலா. வேடிக்கை பார்க்க வந்திருந்த அருணகிரி தன் ஆட்களை விட்டு இரண்டு பலகை போட்டார். அவள் உடைமரத்தடிக்குப் போய் நின்றாள்.

“நீங்க எப்படிக் கேட்டீங்க?”

“விருப்பம் என்னன்னு கேட்டேன்.”

“அப்படிக் கேட்டா எப்படிச் சொல்லும்? ஆரோக்கியத்துக்கும் பேச்சு இல்லன்னுதானே எழுதுனீங்க? அவன் பொழுதன்னைக்கும் பேசுவான். ஆமா, இல்லன்னு வர மாதிரி கேக்கணும். ஆமான்னா முகத்த நிமுத்தி நாடியத் தூக்குவான். இல்லன்னா தொங்கப்போடுவான். உங்க ஸ்கூட்டர் சத்தத்தப் பத்தி ஒரு நாள் முழுக்கச் சொன்னான்.”

“என்ன சொன்னான்?”

“அத அப்புறம் சொல்லுதேன்.” பியூலா குனிந்து தரையைப் பார்த்துக் கேட்டாள். “விளையாடணுமா?”

நிலம் ஒரு அங்குலம் முன்னால் வந்தது.

“ஊஞ்சலா?”

ஒரு அங்குலம் பின்னால் போனது.

“சறுக்கா? ராட்டினமா? கிளித்தட்டா?”

பின்னால், பின்னால், பின்னால்.

“கண்ணாமூச்சியா?”

நிலம் ஒரு முழம் முன்னால் பாய்ந்தது. உடைமரம் ஆடி நாலைந்து மஞ்சள் பூக்கள் உதிர்ந்தன. நாற்காலி உருண்டு போகாமல் சிகாமணி பிடித்துக்கொண்டார்.

“யாரோட?” என்றாள் பியூலா. பிறகு அது ஆமா, இல்லை என்று வருகிற கேள்வி இல்லை என்பது நினைவுக்கு வந்து மாற்றிக் கேட்கப் போனாள். அதற்குள் நிலம் மெதுவாகத் திரும்பி, அடிபம்பின் வாயைச் சிகாமணிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது.

பியூலா அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்க தெனமும் இதத் தேடிக் கண்டுபிடிக்கீங்க. இல்லியா?”

“ஆமா.”

“கண்டுபிடிச்சி மரத்தத் தொடுதீங்க.”

“அது ஆபீஸ் நடைமுறை.”

“தொட்டுட்டு என்ன செய்வீங்க?”

“கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன்.”

“போயிருவீங்க.” அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “அழுகுணி ஆட்டம்ப்பா இது! தொட்டாச்சின்னா அடுத்தாப்புல நீங்க ஒளியணும், அது தேடணும். மூவாயிரத்துச் சொச்சம் தடவ தொட்டிருக்கீங்க. ஒரு தடவகூட ஒளியல.”

சிகாமணிக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருடத்தில் எந்தத் தணிக்கையிலும் பிடிபடாத குறை. அவர் படிவத்தை ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து, ‘விருப்பம்: கண்ணாமூச்சி. தன் முறைக்காகக் காத்திருக்கிறது’ என்று எழுதினார்.

“எத்தன வரைக்கும் எண்ணுவ? நூறா?” என்று பியூலா நிலத்திடம் கேட்டாள். ஒரு அங்குலம் முன்னால். “ஒரு நாளைக்கு அம்பதா? இருபதா? நாலா?” நான்குக்கு முன்னால் வந்தது. நிலம் மெதுவாகத்தான் எண்ணும் போலிருக்கிறது. நூறு எண்ண இருபத்தைந்து நாள் ஆகும். எண்ணி முடியும்வரை நகரக் கூடாது என்பது ஆட்டத்தின் முதல் ஒழுங்கு. அதைப் பியூலா சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அருணகிரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சிமெண்ட்டுக்கு இருபத்தொரு நாள், திருகாணி முடுக்க நாலு நாள்.

“வே சிகாமணி,” என்றார், “போய் ஒளியும்.”

சிகாமணி விடுப்பு விண்ணப்பம் எழுதினார். மெஹருன்னிசா அதைத் திருப்பிக் கொடுத்தார். ஒளிந்திருப்பது பணியின் பொருட்டு. ஆகவே பணிக்காலமாகவே கருதப்படும். ஒளியும் இடத்தை எழுதி முத்திரையிட்ட உறையில் வைத்து ரஞ்சிதத்திடம் மட்டும் கொடுத்தால் போதும்.

மே பதிமூன்று காலை ஆறு மணிக்கு நிலம் பேருந்து நிலையத்திலேயே கண்ணை மூடியது. உடைமரம் இலைகளை மடக்கிக்கொண்டதிலிருந்து அது தெரிந்தது. அடிபம்பு ‘டக்’ என்றது. ஒன்று. பத்து மணிக்கு இன்னொரு ‘டக்’. இரண்டு. அதற்குள் சிகாமணி தண்ணீர்த்தொட்டிக்குள் இறங்கிவிட்டார்.

அது அறுபதடி உயர மேல்நிலைத் தொட்டி. கட்டி ஒன்பது வருடமாகிறது; குழாய் இணைப்பு வராததால் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஏறியதில்லை. உள்ளே வட்டமாக, சுத்தமாக, வெதுவெதுப்பாக இருந்தது. மேலே மூடியிடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் விழுந்து சுவரில் நகரும். ரஞ்சிதம் தினமும் இரண்டு வேளை கீழே வந்து வாளியில் தூக்குச்சட்டியை வைப்பாள். அவர் கயிற்றை இழுத்துக்கொள்வார்.

முதல் நாள் அவர் உட்காரவில்லை. இரண்டாம் நாள் தொட்டியை ஆயிரத்து நூறு தடவை சுற்றினார். மூன்றாம் நாள் காலடிச் சத்தம் கீழே டீக்கடை வரை கேட்கிறது என்று ரஞ்சிதம் சீட்டு அனுப்பினாள். அதன்பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு கால்கள் தாமாக நடந்தன. பெருவிரல் மட்டுமாவது எங்கேயோ போய்வந்துகொண்டிருந்தது. தீக்குச்சிகள் தீர்ந்துபோயின. ரஞ்சிதம் புதிய பெட்டி அனுப்ப மறுத்துவிட்டாள். பேருந்து நிலையம் தொட்டியிலிருந்து கூப்பிடு தூரம்தான். ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் சுவரில் ஒரு கோடு போட்டார். கலவை இயந்திரம் ஓடுவதும், அருணகிரி யாரையோ திட்டுவதும், ஊஞ்சலில் மணி கட்டிப் பார்ப்பதும் கேட்டன.

ஜூன் ஐந்தாம் தேதி பூங்கா திறக்கப்பட்டது. மூடியைத் தூக்கினால் பார்த்துவிடலாம். அவர் கை மூன்று முறை மூடிக்குப் போய்த் திரும்பியது. எண்ணும்போது நிலம் இமையிடுக்கில் பார்க்கக்கூடிய ஆள்தானா என்று தெரியவில்லை. பிள்ளைகளில் பலவிதம் உண்டு. அவர் காதைச் சுவரில் வைத்துக்கொண்டார். அங்கே நாற்பது குரல்கள் இருந்தன. தன் மகள் கத்தி அவர் இதற்கு முன் கேட்டதில்லை. ஆகவே எது அவள் குரல் என்று முதலில் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. கிட்ட வந்து, தூரப் போய், மறுபடியும் கிட்ட வந்தது. எண்ணினார்.

ராத்திரிச் சாப்பாட்டோடு ரஞ்சிதத்தின் சீட்டு வந்தது. ‘பதினேழு சுற்று. வாந்தி இரண்டு தடவை. நன்றாக இருக்கிறாள்.’

சிகாமணி சுவரைப் பார்த்தார். அவர் கணக்கிலும் பதினேழுதான்.

ஜூன் ஆறு மாலை ஆறு மணிக்கு நூறு முடிந்தது. நிலம் உடனே தேடக் கிளம்பவில்லை. ஆட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். மறுநாள் காலை நாற்பத்தொரு பேரும் வந்து ஏறும்வரை காத்திருந்தது. பிறகு ஊஞ்சல், சறுக்குமரம், தேன்மொழியின் குடில், ராட்டினம், பிள்ளைகள் எல்லோரோடும் கிளம்பிற்று. பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகள் பேருந்து நிலையத்திலேயே கிடந்தன. அவற்றுக்குக் காவலாக அருணகிரி உட்கார்ந்தார். அவற்றில் ஒரு ஜோடிக்கு அடிப்பாகம் தேயவே இல்லை என்று அவர் கவனித்துவிட்டு, வெயில் படாமல் நிழலில் தள்ளி வைத்தார்.

நிலம் ரயில்வே கேட்டில் தேடியது. ஐஸ் பேக்டரியில் தேடியது. சாயங்காலமானதும் ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. மறுநாள் காலையில் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொண்டது.

ஜூன் ஒன்பது அன்று வாளியில் கேக் துண்டு ஒன்று வந்தது. கூடவே சீட்டு. ‘இன்றைக்கு அவளை இறக்க வேண்டுமா என்று காவலாளி கேட்டான். மேடம் நாலாவது விதியைப் படித்துக் காட்டினார்கள். ஆட்டம் முடியவில்லை. நீங்கள் பிடிபட்டால்தான் முடியும்.’

சிகாமணி கேக்கைத் தின்றுவிட்டு, கால்களை மடக்கி, இரண்டு பெருவிரல்களையும் கையால் பிடித்துக்கொண்டார்.

ஜூன் பதினேழு அன்று பத்து மணிக்கு நிலம் தொட்டிக்கு அடியில் வந்து நின்றது. ஊஞ்சல் மணி ஓய்ந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“அங்கயெல்லாம் இருக்க மாட்டாவ,” என்று பியூலாவின் குரல் கேட்டது. “பனங்காட்டுப் பக்கம் போவோம்.”

நிலம் அசையவில்லை.

“ஆரோக்கியம், நாடியக் கீழ போடு.” நாற்காலிச் சக்கரம் ஒருமுறை உருண்டது. “கீழ போடுன்னு சொன்னேம்லா? உன்ட்ட யாரு கேட்டா?”

அடிபம்பு ‘டக்’ என்றது. வாளிக்கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருப்பது சிகாமணிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேலே இழுக்கலாமா என்று யோசித்தார். இழுத்தால் ஆடும்.

“அங்க ஏணிதான் இருக்கு,” என்றாள் பியூலா. “ஏணில நான் எப்படி ஏற? நீதான் எப்படி ஏறுவ? எல்லாரும் போக முடியாத எடத்துல போய்த் தேடுனா அது ஆட்டத்துல சேத்தியா?”

நிலம் யோசித்தது. பிறகு ஒரு அங்குலம் பின்னால் போனது. ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் பனங்காட்டுப் பக்கம் போகவில்லை. நகராட்சி அலுவலகம் வரை போய், வாசலில் அடிபம்பை மூன்று முறை ‘டக், டக், டக்’ என்று அடித்தது. மெஹருன்னிசா வெளியே வந்து ஆமா, இல்லை என்று வருகிற மாதிரி கேள்விகள் கேட்டார். மதியத்துக்குள் உத்தரவு தயாராகிவிட்டது. பட்டியலில் உள்ள எந்தப் பிள்ளையும் போக முடியாத இடம் விளையாட்டு எல்லைக்குள் இருக்கக் கூடாது. ஆகவே தண்ணீர்த்தொட்டிக்குச் சாய்தளம் கட்ட வேண்டும். ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அளவு. அறுபதடிக்கு எழுநூற்று இருபது அடி. முப்பதடிக்கு ஒருமுறை இளைப்பாறச் சமதளம். தொட்டிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று உத்தரவில் கேட்கப்படவில்லை. அது ஆட்டத்தில் இருப்பவர்கள் விஷயம்.

அருணகிரி வேலையைத் தொடங்கினார். சாய்தளம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஏறி வந்தது. சிகாமணி கலவை இயந்திரத்தின் சத்தத்தை முதலில் பாதத்துக்குக் கீழே கேட்டார். ஆவணியில் முழங்கால் உயரத்தில் கேட்டார். நிலம் தினமும் காலையில் பிள்ளைகளோடு வந்து ஒரு சுற்று பார்த்துவிட்டு, சிமெண்ட் இறுகாததால் வேறு இடங்களில் தேடப் போயிற்று. ‘நேற்று இருபத்து மூன்று சுற்று. வாந்தி இல்லை,’ என்று ரஞ்சிதம் எழுதினாள். மழை வந்து வேலை ஒரு மாதம் நின்றது. தொட்டிக்குள் முதல்முறையாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அவர் அதைத் துணியால் ஒற்றிப் பிழிந்தார்.

மார்கழி மத்தியில் அருணகிரியின் குரல் அவர் தோளுக்கு நேராகக் கேட்டது.

“வே சிகாமணி,” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகச் சொன்னார். “நீரு இங்க இருக்கீருன்னு நான் சொல்லல. இல்லன்னும் சொல்லல. நாளைக்குக் கைப்பிடி வைக்கேன். அவ்வளவுதான் வேலை. இதுக்கு மேல என்னால மெதுவாக் கட்ட முடியாது. இருந்தீருன்னா கேட்டுக்கிடும்.”

 அந்த ஏழு மாதத்தில் சிகாமணி நன்றாக உட்காரக் கற்றிருந்தார். ஆனால் அன்று எழுந்து தொட்டியை இரண்டு சுற்று, வெறுங்காலோடு, சத்தமில்லாமல் சுற்றினார்.

மறுநாள் மாலை சாய்தளத்தில் ஏதோ ஏறி வருவது கேட்டது. மணி இல்லை, பிள்ளைகளின் குரல் இல்லை. மிக மெதுவாக, ஒவ்வொரு சமதளத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. பல வருடமாக நடக்காத நடை. மூடி விலகிற்று. தாலுகா அலுவலகத்துப் பக்கத்திலிருந்த பதினைந்து சென்ட் நிலம், கருவேலஞ்செடிகளும் துருப்பிடித்த ‘இவ்விடம் வழக்கில் உள்ளது’ பலகையுமாக உள்ளே இறங்கியது. பலகையில் ஒரு சீட்டுச் செருகியிருந்தது. பியூலாவின் கையெழுத்து.

‘அப்பா, இது நாற்பத்து மூன்றாவது பிள்ளை. நேற்று நான்தான் பட்டியலில் சேர்த்தேன், மேடம் கையெழுத்துப் போட்டாச்சு. இதுவும் ஒளிகிற கட்சி. ஒளிகிறவர்கள் எல்லாரும் பிடிபட்டால்தான் ஆட்டம் முடியும். நாளைக் காலை உங்களைப் பிடித்துவிடுவோம். மெதுவாக வந்து மெதுவாகக் கண்டுபிடிப்போம். அதற்கு முன்னால் இதை வேறு எங்கேயாவது ஒளித்து வையுங்கள். இதற்கு ஒளியத் தெரியாது. சொல்லிக் கொடுங்கள். ஆமா, இல்லை என்று வருகிற மாதிரி கேட்கவும்.’

சிகாமணி சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“ரொம்ப தூரமா வாரே?” என்றார். நிலம் ஒரு அங்குலம் முன்னால் வந்தது.

“சரி, கொஞ்ச நேரம் இரு. பொறவு போவோம்,” என்று அவர் பதினைந்து சென்ட்டுக்கும் இடம் விட்டுச் சுவரோரம் தள்ளி உட்கார்ந்தார்.